நான் வேண்டாம் என்ற ஊர்

சால்வதோர் என்று ஓர் ஊர் இருப்பதே எனக்கு அறுபத்தாறு வயதுக்கு மேல்தான் தெரியும். பிரேசில் நாட்டில், கடலோரத்தில் இருக்கிறது. அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டியவள் நான். போய்விட்டு வந்தவர் என் மருமகளின் அம்மா. அந்தப் பொறாமை எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி, நான். துறைமுகத்தில் பெட்டி தூக்குகிற கிரேன்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் மகனுக்கு வேலை. துபாயிலிருந்து பிரேசிலுக்கு நேராக விமானம் விட ஆரம்பித்த புதிது. அந்த சமயம் பார்த்துப் பாளையங்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாளும் விசிட் விசாவில் மகளைப் பார்க்க வந்திருந்தார்.

ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த மகன், நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"யம்மா, பிரேசில்ல பன்னெண்டு நாளு வேலை இருக்கு. இவளும் பிள்ளையும் வாராவ. பிள்ளையப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும். நீ வாரியா?"

"நான் எதுக்குப்பா. எனக்கு வேண்டாம்."

"சரிம்மா" என்றான். அடுத்த காலின் சாக்ஸைக் கழற்றினான்.

அவ்வளவுதான். அதோடு முடிந்துவிட்டது.

தூத்துக்குடிப் பக்கத்தில் எங்கள் வீடுகளில் யாரும் முதல் தடவையிலேயே சரி என்று சொல்வதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி குடிக்கிறீர்களா என்பார்கள். இப்போதுதான் குடித்தேன் என்போம். அரை டம்ளராவது என்பார்கள். வயிறு கும்மென்று இருக்கிறது என்போம். மூன்றாவது தடவை கேட்கும்போது கையில் டம்ளரோடு வந்து நிற்பார்கள். வாங்கிக்கொள்வோம். முதல் வேண்டாமும் இரண்டாவது வேண்டாமும் மரியாதைக்குச் சொல்வது. கேட்கிறவருக்கும் அது தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைப் பாடச் சொன்னார்கள். நான் மூன்றாவது தடவைதான் பாடினேன்.

மகனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான். ஆனால் பதினோரு வருஷமாக அங்கே பலதேசத்து ஆட்களோடு வேலை. வேணும் என்றால் வேணும், மாஃபி என்றால் மாஃபி, இல்லை என்றால் இல்லைதான். பேச்சு கலாஸ், முடிந்தது. அதனால் அவன் இரண்டாவது தடவை கேட்டது என்னிடம் இல்லை. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சம்பந்தியிடம் போய்க் கேட்டான்.

"அத்தை, நீங்க வாரியளா?"

"கூட்டிட்டுப் போனா வாரேன் மாப்பிள்ளை. எனக்கென்ன."

ஒரு வெங்காயம் உரித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை நாலு தடவை மடித்தேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. விசிட் விசாவில் இருப்பவர் வெளியே போனால், திரும்ப வருவதற்கு வேறு விசா எடுக்க வேண்டும். அதற்கு மகன் மூன்று நாள் அலைந்தான். என் பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் முத்திரையே இருக்கிறது. எனக்கு அந்த அலைச்சல் கிடையாது. அப்போதாவது, அம்மாவையே கூட்டிப் போவோமே என்று அவனுக்குத் தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன்.

அவர்கள் கிளம்பிய பிறகு பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் நான் மட்டும். எதிர் வீட்டு மலையாள டீச்சர் காலையும் மாலையும் கதவைத் தட்டி, "அம்மே, சுகமல்லே?" என்று கேட்டுவிட்டுப் போவார். பேத்தியின் மேசையில் உலக உருண்டை ஒன்று இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஷார்ஜாவில் ஒரு விரலை வைத்து, பிரேசிலில் இன்னொரு விரலை வைத்தால் நடுவில் ஆப்பிரிக்கா முழுதும் உள்ளங்கைக்குள் வந்தது. அத்தனை தூரத்தையும் சம்பந்தி தாண்டியிருக்கிறார். சென்னைக்கு ரயிலில் போனாலே மயக்கம் வருகிறது என்று படுத்துக்கொள்கிறவர்.

திரும்பி வந்தபோது அவரைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. தலையில் ஓலைத் தொப்பி. முகம் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். பெட்டியை வைத்ததும் என் கையில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கொடுத்தார்.

"மதினி, இது அங்க ஒரு மாதா கோயில்ல வாங்குனது. கோயில் கம்பி பூரா இந்த ரிப்பனாக் கட்டித் தொங்குது. நாம மரத்துல துணி முடியுதோமே, அதே மாதிரி. கையிலயும் கட்டிக்கிடலாம். மூணு முடிச்சு போடணும். ஒரு முடிச்சுக்கு ஒரு ஆசை."

"சரி மதினி" என்று வாங்கி, அலமாரியில் பழைய சேலைக்கு அடியில் வைத்தேன். மடிக்கக்கூட இல்லை. சுருட்டி வைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் கேமராவை டி.வி.யோடு ஒயரால் இணைத்துப் படம் காட்டினார்கள். எதிர் வீட்டு டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள். மகனோ மருமகளோ பேசவில்லை. எல்லாப் படத்துக்கும் சம்பந்திதான் பேசினார்.

ஊர் இரண்டு தட்டாக இருக்கிறதாம். கீழே துறைமுகம், மேலே பழைய ஊர். நடுவில் தெருவுக்குப் பதிலாக ஒரு லிஃப்ட். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ஜனங்கள் வரிசையில் நின்று சில்லறை கொடுத்து ஏறுகிறார்கள். மேலே போனால் கல் பாவிய சரிவுத் தெரு. வீடுகள் மஞ்சளும் நீலமும் ரோஸுமாக, பொம்மைக்கொலுப் படியில் வைத்த மாதிரி. கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம். சாயங்காலம் அங்கே புல்லில் போய் உட்காருகிறார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கியதும் எல்லோரும் கை தட்டுகிறார்களாம்.

"எதுக்குக் கை தட்டுதாவ?" என்று நான் கேட்டேன்.

"சூரியனுக்குத்தான் மதினி. இன்னைக்கு நல்லா இறங்குனேன்னு. நானும் தட்டுனேன்."

அடுத்த படத்தில் பெரிய வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைக்கட்டுமாக ஒரு தடித்த அம்மாள், தெருவோரம் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சம்பந்தி, கையில் பெரிய வடையோடு.

"வடையா அது?" என்றார் டீச்சர்.

"வடையேதான். உளுந்து இல்ல, தட்டாம்பயறு. தோலை நீக்கி அரைச்சு, ரெண்டு அகப்பையால உருட்டிப் போடுதா. எண்ணெய் மட்டும் செகப்பா, குங்குமம் கரைச்ச மாதிரி இருக்கு. வடைய நடுவுல பிளந்து உள்ள காஞ்ச எறாலும் மசாலாவும் வச்சுக் குடுக்கா. பேரு அக்கராஜே. நான் ரெண்டு தின்னேன். அவ என் சேலையத் தொட்டுப் பாத்தா. நான் அவ பாவாடையத் தொட்டுப் பாத்தேன்."

அந்த வடையை என் கண்ணால் மென்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் வடை சுடுகிறவள் நான். பேத்தி என் வடையைத் தவிர வேறு வடை தின்ன மாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். படத்தில் அவளும் அந்த வடையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது சாவிக் கதை. ஒருநாள் மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்தபோது, சம்பந்தியும் பிள்ளையும் தங்கியிருந்த அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டார்கள். கதவு பூட்டிக்கொண்டது. சம்பந்திக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஊர்ப் பேச்சு அறவே தெரியாது. கூட்டுகிற பெண் அந்தப் பக்கம் வந்திருக்கிறாள்.

"நான் கதவைக் காட்டி, 'சாவி உள்ள இருக்கு தாயி, சாவி, சாவி'ன்னு தமிழ்லயே சொன்னேன். அவ 'ஆ, ஷாவி'ன்னா. கீழ போயி ஷாவிய எடுத்துட்டு வந்து திறந்துட்டா. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் பாத்தா அவியளுக்கு ஜன்னலு ஜனேலாவாம், மேசை மேசாவாம். மாப்பிள்ளை கேட்டுச் சொன்னாவ."

மகன் சிரித்துக்கொண்டே விளக்கினான். அந்த ஊரில் பேசுவது போர்ச்சுக்கீசு பாஷை. பறங்கிக் கப்பல்காரர்கள் அந்தக் கரைக்கும் போனார்கள், தூத்துக்குடிக் கரைக்கும் வந்தார்கள். அவர்கள் விட்டுப் போன சொற்கள்தான் நம் சாவியும் ஜன்னலும்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குக் கொதித்தது. பறங்கி வந்து இறங்கியது என் ஊர்க் கரையில். பாளையங்கோட்டையில் ஏது கடல்? அந்தச் சாவி எங்கள் ஊர் வழியாகத்தானே அவர் வாய்க்குப் போயிருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் அங்கே கதவைத் திறந்துவிட்டு வந்திருக்கிறார். இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பேத்தி சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் அந்த ஊர் மீன் குழம்பு வேண்டும் என்று ஆரம்பித்தாள். புளி இல்லாமல், தேங்காய்ப் பாலில், தக்காளியும் குடைமிளகாயும் மல்லித்தழையும் போட்டு மண்சட்டியில் வைப்பார்களாம். நான் என் மீன் குழம்பை ஊற்றினால், "நோ ஆச்சி, ஐ வான்ட் மொக்கேக்கா" என்பாள். முப்பது வருஷமாக என் மீன் குழம்புக்கு ஒரு சொல் சொன்னவர்கள் கிடையாது.

"வெள்ளிக்கிழமை நான் வச்சுத் தாரேன் கண்ணு" என்றார் சம்பந்தி. அந்தச் சிவப்பு எண்ணெயில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். "மீனு மட்டும் நீங்க பாத்து வாங்கிருங்க மதினி. எனக்கு மீனு பாக்கத் தெரியாது. முள்ளு இல்லாததா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் மகனோடு ஷார்ஜா மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். சீலா மீன் அருமையாக வந்திருந்தது. துண்டு போட்டால் நடுமுள் ஒன்றுதான், பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதன் பக்கத்துத் தட்டில், பிலிப்பினோக்காரர்கள் விரும்பி வாங்குகிற வெள்ளி மீன் கிடந்தது. பார்க்க மினுமினு என்று இருக்கும். சதையும் ருசிதான். ஆனால் உள்ளே நூல் நூலாக முள். முள் எடுக்கத் தெரிந்தவர்கள்தான் அதைத் தொட வேண்டும்.

நான் அந்த வெள்ளி மீனைக் காட்டினேன்.

"இது நல்லா இருக்குமாம்மா?" என்றான் மகன்.

"நல்ல மீனுப்பா."

பொய். பிள்ளைக்கு முள் குத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கடவுள் சத்தியமாக இல்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, முள்ளாக இருக்கிறது, எனக்கு வேண்டாம், ஆச்சி குழம்புதான் வேண்டும் என்று தட்டைத் தள்ளுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தோம். குழம்பு நல்ல மணமாக இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் தேங்காய்ப் பால் மினுங்கியது. சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்கு முள் எடுத்துத்தான் கொடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாயில் பிள்ளை வாயைத் திறந்தபடி அப்படியே இருந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

மருமகள் எழுந்துவிட்டாள். மகன் பிள்ளையைத் தூக்கிக் குனிய வைத்தான். சம்பந்திதான் வெறுஞ்சோற்றை உருட்டி, "மெல்லாம முழுங்கு கண்ணு, அப்படியே முழுங்கு" என்று வாயில் வைத்தார். ஒரு உருண்டை, இரண்டாவது உருண்டை. பிறகு நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். அதோடு முள் இறங்கியது. பிள்ளை அழுதுகொண்டே தண்ணீர் கேட்டாள்.

மகன் தட்டைப் பார்த்தான். "என்ன மீனு இது, இவ்வளவு முள்ளு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "என் கண்ணுதான் மாப்பிள்ளை. கண்ணாடி போட்டும் தெரியல. நான் சரியாப் பாத்து எடுக்கல."

அந்தக் குற்றத்தை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு முள்ளைவிட மோசமாகக் குத்தியது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, சம்பந்தி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மதினி, அந்த மீனு முள்ளு மீனுன்னு எனக்குத் தெரியும்."

குழாயை நிறுத்தினார். "தெரிஞ்சா வாங்குனிய?"

"ஆமா."

"எதுக்கு?"

"உங்க குழம்பு நல்லா இருந்துரக் கூடாதுன்னுதான்."

அவர் முகம் சிவந்தது. "பச்சப் பிள்ளைக்கு மதினி. முள்ளு சிக்கிக்கிட்டா என்ன செய்திருப்பிய?" என்றார். அவர் ஒரு தட்டை எடுத்துக் கழுவினார். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நானும் ஒண்ணு சொல்லுதேன். மாப்பிள்ளை உங்ககிட்ட வந்து கேட்டப்போ நான் இங்கனதான் நின்னேன். நீங்க வேண்டாம்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அது முதல் வேண்டாம்னு எனக்குத் தெரியாதா? நானும் உங்க பக்கத்து ஆளுதான. 'அவிய சும்மா சொல்லுதாவ, இன்னொரு தடவை கேளுங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எனக்குப் போகணும்னு இருந்துச்சு மதினி. அதனாலதான் என்கிட்ட கேட்டதும் டக்குனு சரின்னேன். ரெண்டாவது தடவை கேக்கட்டும்னு நின்னா, மறுபடி உங்ககிட்ட போயிருவாவளோன்னு பயம்."

அந்த வீட்டில் என் வேண்டாமைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். புரிந்துகொண்டுதான் போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் இருமல்தான் வந்தது.

"ஊரு நல்லா இருந்துச்சா மதினி, நெசமா?"

"பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

கொஞ்சமாவது குறை சொல்லியிருக்கலாம். கால் வலித்தது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஏதாவது. சொல்லவில்லை.

சாயங்காலம் மகன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். எப்போதும் நான் அவன் பின்னால் நின்றுதான் பேசுவேன்.

"மீனு வாங்குனது என் தப்பு. உங்க அத்தை மேல தப்பு இல்ல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்கும் பிரேசிலு போகணும்னுதான் இருந்துச்சு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நீதானம்மா வேண்டாம்னு சொன்ன."

"நீ இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்லா."

அவன் கீழே வைத்த டம்ளரைப் பார்த்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் டம்ளர் எப்படி வரும் என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அந்த வேலை முடிஞ்சிட்டேம்மா" என்றான். "இனிமே எப்ப வருமோ தெரியல."

"தெரியும். சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சம்பந்தி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அலமாரியிலிருந்து அந்த மஞ்சள் ரிப்பனை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கையை நீட்டினேன். சுருட்டி வைத்ததில் கசங்கிப் போயிருந்தது. அவர் அதைக் கவனித்தார். தொடையில் வைத்து நீவிவிட்டு என் மணிக்கட்டில் சுற்றினார்.

"மூணு முடிச்சு மதினி. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"மூணு முடிச்சு ஏற்கெனவே ஒருத்தர் போட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அதுல ஒரு ஆசையும் கேக்க விடல."

அவர் சிரித்ததில் ரிப்பன் நழுவியது. மறுபடி பிடித்து முதல் முடிச்சைப் போட்டார். நான் கண்ணை மூடி நினைத்துக்கொண்டேன். இரண்டாவது முடிச்சுக்கும் அதையேதான் நினைத்தேன். மூன்றாவதுக்கும் அதையே. மூன்று தடவை கேட்பதுதானே எங்கள் வழக்கம்.

"என்ன நெனச்சிய?"

"சொல்லக் கூடாதுல்லா."

"சொல்லாட்டா எனக்குத் தெரியாதாக்கும். அந்த லிஃப்டுல ஏறும்போது கீழ பாக்காதிய, தலை சுத்தும். வடைக்காரிகிட்ட காரம் கொஞ்சமாப் போடச் சொல்லுங்க. பிறகு மதினி, கூட்டிட்டுப் போனா நானும் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல என்னைக் கேக்கட்டும்" என்றேன்.